கஜா எந்தப் பக்கம்?

ரஸ்மிக்கு வாய் நீளம். ஊரே சொல்லும். அந்த வாய் போன மாதம் செய்த வேலை, இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

வந்து நின்றவன் ஆர்சா. பெரியப்பா மகன். ரஸ்மியைவிட ஒரே ஒரு வயதுதான் பெரியவன். ஆனால் டென்பசார் நகரத்தில் இருக்கிறான் இல்லையா, பத்து வயது பெரியவன் மாதிரி நடந்துகொள்வான்.

"எங்க ரெண்டு கடலு?" என்றான் வந்ததும் வராததுமாக.

"அண்ணா, இது வாசல். கடலெல்லாம் மலை மேல ஏறினாத்தான் தெரியும்."

"தெரியலைன்னா?"

"தெரியும்!"

சொல்லிவிட்டாள். ஆனால் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நடந்தது இதுதான். குலக்கோவில் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தபோது, ஆர்சா தன் நண்பர்களோடு பாத்தூர் மலை ஏறப் போவதாகப் பெருமை அடித்துக்கொண்டிருந்தான். பாத்தூரைத் தெரியாதவர்கள் பாலித் தீவில் உண்டா? சூரிய உதயம் பார்க்க உலகமே அங்கே வந்து குவிகிறது.

"உங்க ஊர்லயும் ஒரு மலை இருக்கே, அதுக்குப் பேர் என்ன? பெங்கோங்கா?" என்று ஆர்சா கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெங்கோங் என்றால் திருதிருவென்று விழித்துக்கொண்டு, வாயைப் பிளந்து நிற்பது. மலைக்கு யார் இப்படிப் பெயர் வைத்தார்களோ, அடிவாரத்து ஊர்க்காரர்கள் பாடு திண்டாட்டம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், "பெங்கோங் வருது, வழி விடு!" என்று கேலி செய்வார்கள்.

ரஸ்மிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க மலை உச்சியில நின்னா வடக்குக் கடலும் தெரியும், தெற்குக் கடலும் தெரியும்! உங்க பாத்தூர்ல தெரியுமா? அங்க முன்னாடி நிக்கிறவன் மண்டைதான் தெரியும்!"

"நீ பார்த்திருக்கியா?"

"ஓ!" என்றாள் ரஸ்மி.

அந்த ஒரே ஓர் 'ஓ'தான் பொய். ரஸ்மி ஒருநாளும் உச்சிக்குப் போனதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஒரு தடவை ஏறியிருக்கிறார். 'யம்மாடி, ரெண்டு கடலும் தெரியும்டி!' என்று அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆர்சா என்ன செய்தான்? நண்பர்களிடம் 'நான் வரலை' என்று சொல்லி, பாத்தூரை விட்டுவிட்டு, அவள் பேச்சை நம்பி வந்துவிட்டான். கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. நம்பிவிட்டானே!

பெரியவர் துணை இல்லாமல் மலைக்கு அனுப்ப மாட்டேன் என்று அம்மா கறாராகச் சொன்னதால், சுகித்தா சித்தப்பா மாட்டிக்கொண்டார். பாத்தூருக்கு வெளிநாட்டுக்காரர்களை அழைத்துப்போவதுதான் அவர் வேலை. வாரத்துக்கு ஆறு நாள் மலை ஏறுகிறவரை ஏழாவது நாளும் ஏறச் சொன்னால் எப்படி இருக்கும்?

"ஓட்டல் சமையல்காரனை லீவு நாள்ல விருந்து வைக்கச் சொன்ன மாதிரி இருக்கு," என்று புலம்பியபடியே சித்தப்பா செருப்பைத் தேடினார். பிறகு முகம் மலர்ந்தது. "ஆனா ஒண்ணு. விடிஞ்சப்புறம், வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு மலை ஏறப் போறது இதுதான் முதல் தடவை. அடேயப்பா, வெளிச்சத்துல கால் வைக்கிற இடம் தெரியுமே!"

அம்மா சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினார். "கல்மேடை வர்ற வரைக்கும் ஒரே பாதைதான். அப்புறம் ரெண்டாப் பிரியும்."

"எந்தப் பக்கம் போகணும்மா?"

"அதுதான் மறந்துபோச்சு. யாரையாவது கேட்டுக்க."

"யாருமே வராத மலையில யாரைம்மா கேக்கிறது?"

அம்மா தலையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான்," என்றார்.

இங்கே வழி கேட்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலியில் இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. மலைப் பக்கம் 'கஜா'. யானையும் இல்லை, புயலும் இல்லை, வெறும் கஜா. கடல் பக்கம் 'கெலோட்'. தெருவில் வழி சொல்வது மட்டுமா? "உப்பு டப்பா அடுப்புக்குக் கஜா பக்கம் இருக்கு பாரு" என்பார்கள். "கெலோட் பக்கக் கன்னத்துல சோறு ஒட்டியிருக்கு, துடை" என்பார்கள். ரஸ்மியின் ஊரிலும் சரி, டென்பசாரிலும் சரி, மலை வடக்கே இருக்கிறது, கடல் தெற்கே இருக்கிறது. அதனால் கஜா என்றால் வடக்கு என்றுதான் ஆர்சாவின் பள்ளியிலும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மூன்று பேரும் கிளம்பினார்கள்.

முதலில் காப்பித் தோட்டம். பிறகு காடு. காட்டுக்குள் நுழைந்ததுமே யாரோ கதவைச் சாத்தியது போல ஊர்ச் சத்தம் நின்றுவிட்டது. தலைக்கு மேலே மரம் போல வளர்ந்த பெரணிகள் குடை விரித்திருந்தன. மரத்தண்டுகளில் எல்லாம் பச்சைப் பாசி. ரஸ்மி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். பூனைக்குட்டியின் வயிறு மாதிரி மெத்தென்று இருந்தது.

ஒரு சின்னப் பழுப்புக் குருவி பாதையின் நடுவில் குதித்துக் குதித்து அவர்களுக்கு முன்னால் போனது. பறக்கவில்லை. நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தது.

"இதுக்கு மனுஷங்களைப் பார்த்தா பயமே இல்லையா?" என்றான் ஆர்சா மெதுவாக. அவன் குரல் தானாகவே இறங்கியிருந்தது.

"மனுஷங்களைப் பார்த்திருந்தாத்தானே பயப்படும்?" என்றார் சித்தப்பா.

ஓர் இடத்தில் பாறை இடுக்கிலிருந்து நூல் போலத் தண்ணீர் வடிந்தது. பெரணி இலையை மடித்துக் குடித்தார்கள். யாரும் பின்னால் வரிசையில் நிற்கவில்லை. யாரும் 'சீக்கிரம்' என்று சொல்லவில்லை. சித்தப்பா இரண்டாவது முறை குடித்தார், பிறகு வேண்டுமென்றே மூன்றாவது முறையும் குடித்தார்.

"பாத்தூர்ல எப்படித் தெரியுமா? முன்னாடி போறவங்க செருப்பைப் பார்த்துக்கிட்டே ஏறணும். இத்தனை வருஷத்துல எத்தனை விதச் செருப்பு பார்த்திருக்கேன்! மலையைப் பார்த்தேனான்னு கேட்டா எனக்கே சந்தேகமா இருக்கு."

ஆர்சா சிரித்தான். ரஸ்மிக்கும் சிரிப்பு வந்தது. மலை என்றால் இப்படியா இருக்கும்! தன் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எட்டிப் பார்க்காமல் இருந்தோமே என்று நினைத்தாள். அதே நேரம், உச்சியில் என்ன இருக்குமோ என்ற பயம் ஒவ்வொரு அடிக்கும் கூடியது.

பாதை நேராக உச்சிக்குப் போகவில்லை. மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு வளைந்து வளைந்து போனது. போகப் போக மூடுபனி இறங்கியது. கல்மேடையை அடைந்தபோது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

பாசி பிடித்த சின்ன மேடை. அதன் மேல் காய்ந்துபோன பூத்தட்டு ஒன்று. இந்தப் பக்கம் ஒரு பாதை, அந்தப் பக்கம் ஒரு பாதை. இரண்டும் சமதளமாகப் போய்ப் பனிக்குள் மறைந்தன.

"எது?" என்றான் ஆர்சா.

ரஸ்மி திருதிருவென்று விழித்தாள். பெங்கோங்! "நீதான் ஏற்கெனவே வந்திருக்கியே?" என்று அவன் கேட்பதற்குள் அவசரமாக, "கேட்டுப் பாப்போம்!" என்று சொல்லிவிட்டு, கைகளை வாய்க்கு இருபுறமும் வைத்துக் கத்தினாள். "யாராவது இருக்கீங்களா? உச்சிக்கு எந்தப் பக்கம் போகணும்?"

யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் கத்தினாள். ஆனால் எங்கிருந்தோ ஒரு பெண் குரல் வந்தது.

"ஏய்! யாரு அது, காது கிழியுது! கஜா பக்கம் போ!"

மூன்று பேரும் துள்ளி விழுந்தார்கள்.

"எந்தப் பக்கம்ங்க?" என்று சித்தப்பா மரியாதையாகக் கேட்டார்.

"கஜா, கஜா! காதுல என்ன பஞ்சா? கெலோட் பக்கம் போயிடாதே, வந்த வழியெல்லாம் வீணாப் போயிடும்!"

அதோடு குரல் நின்றுவிட்டது. எந்தத் திசையிலிருந்து வந்தது என்றே தெரியவில்லை. பனிக்குள் எல்லாச் சத்தமும் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது.

"என்னா மரியாதை!" என்று சித்தப்பா முகத்தைச் சுளித்தார்.

ஆர்சா போனை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்தான். "கஜான்னா வடக்கு. இதோ, இந்தப் பாதைதான்." அவன் நடக்கத் தொடங்கினான். சித்தப்பா வழக்கம்போல முன்னால் போகிற செருப்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்.

ரஸ்மியும் போனாள். ஆனால் ஏதோ உறுத்தியது. கொஞ்ச தூரத்தில் பாதை இறங்கியது. "மலைன்னா ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்," என்றார் சித்தப்பா. இன்னும் இறங்கியது. மறுபடி ஏறவே இல்லை.

அப்போது அவள் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. கிராம்பு! யாரோ பாய் விரித்துக் கிராம்பு காயவைக்கிற வாசனை கீழேயிருந்து வந்தது.

ரஸ்மி நின்றுவிட்டாள்.

அவள் ஊர்ப் பக்கம் கிராம்பு கிடையாது. கிராம்பு வளர்வது மலைக்கு அந்தப் புறம், வடக்குக் கடற்கரைச் சீமையான பூலெலெங்கில். சந்தை நாளில் கிராம்பு விற்க வரும் பூலெலெங் பெண்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். 'ஏய், வா இங்க! தின்னு இதை!' என்று அதட்டித்தான் கையில் பலகாரம் திணிப்பார்கள். அவர்களுக்கு அன்பாகப் பேசவும் அதே குரல்தான்.

"அண்ணா, நில்லு! அந்த அத்தை திட்டலை. அவங்க பேச்சே அப்படித்தான். அவங்க பூலெலெங்!"

"இருக்கட்டுமே. அதுக்கென்ன?"

"அவங்களுக்குக் கஜா எந்தப் பக்கம்?"

ஆர்சா மறுபடி போனைப் பார்த்தான்.

ரஸ்மி குனிந்து பாதையில் ஒரு கல்லை வைத்தாள். "இது மலை. இந்தப் பக்கம் நம்ம வீடு. நம்ம வீட்டுலேருந்து பார்த்தா மலை வடக்க இருக்கு. அதனால நமக்குக் கஜா வடக்கு." பிறகு கல்லுக்கு அந்தப் புறம் ஒரு குச்சியை நட்டாள். "அவங்க வீடு இங்க. இங்கேருந்து பார்த்தா?"

"மலை தெற்க," என்றான் ஆர்சா மெல்ல.

"நாமளும் மலையைச் சுத்திக்கிட்டு அவங்க பக்கம்தான் வந்து நிக்கிறோம். வடக்க நடந்தா நேரா கடலுக்குத்தான் போவோம். கஜான்னா வடக்கு இல்லண்ணா, மலை இருக்கிற பக்கம்!"

சித்தப்பா நெற்றியில் அறைந்துகொண்டார். "ஐயோ! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா குளிச்சுட்டே வந்திருக்கலாம்!"

ஆர்சாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. போனைப் பைக்குள் போட்டான். இப்போது ரஸ்மி நன்றாகக் கேலி செய்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தன் 'ஓ' ஞாபகம் வந்தது.

"உன் போன் சரியாத்தான் காட்டுச்சுண்ணா. நாமதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்," என்றாள்.

கல்மேடைக்குத் திரும்பி வந்து, மற்றப் பாதையில் போனார்கள். அது சற்று நேரத்தில் செங்குத்தாக ஏறியது. வேர்களைப் பிடித்து, முழங்காலை ஊன்றி, மூச்சு வாங்கி, கடைசியில் ஏறுவதற்கு இடமே இல்லாமல் போனது.

உச்சி. நாலைந்து பாய் விரிக்கிற அளவுக்கு இடம். நடுவில் ஒரு சின்னக் கல்கோவில். அதன் அருகில் கூடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்து பூத்தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வந்தாச்சா?" என்றார். அதே குரல்! "கஜான்னு சொன்னேனே, இவ்வளவு நேரம் எங்க போய் மேய்ஞ்சீங்க?"

"உங்க கஜாவைத்தான் தேடிட்டிருந்தோம் அத்தை," என்றாள் ரஸ்மி.

அந்த அம்மாள் பெயர் வெர்த்தி. மலையே குலுங்குவது போலச் சிரித்தார்.

ஆனால் ரஸ்மி சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்தாள். வெள்ளை. வடக்கே வெள்ளை, தெற்கே வெள்ளை. கடலாவது ஒன்றாவது! பாலுக்குள் போட்ட பருப்பு மாதிரி நான்கு பேரும் இருந்தார்கள்.

ஆர்சாவின் போன் கிணுகிணுத்தது. பாத்தூரிலிருந்து நண்பர்கள் படம் அனுப்பியிருந்தார்கள். ஒரு துளி ஆரஞ்சு வானம், மீதி முழுக்க மண்டைகள், தூக்கிப் பிடித்த கைகள். கீழே, 'உங்க பெங்கோங்ல என்னடா தெரியுது?' என்று ஒரு கேள்வி.

ஆர்சா நிமிர்ந்து வெள்ளையைப் பார்த்தான். ஒன்றும் எழுதாமல் நின்றான்.

ரஸ்மியால் தாங்க முடியவில்லை. "அண்ணா, நான் இங்க வந்ததே இல்லை. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். அம்மா சொன்னதைத்தான் சொன்னேன். உன் ஞாயித்துக்கிழமை என்னாலதான் பாழாப் போச்சு."

மூக்கை உறிஞ்சினாள்.

ஆர்சா போனை அணைத்தான். "பொட்டலத்துல என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"ஓலைச்சோறு. சம்பல். பொரிச்ச வாழைப்பழம்."

"அப்புறம் எப்படிப் பாழாப் போகும்? எடு."

வெர்த்தி அத்தை தன் கூடையிலிருந்து, பாம்புத்தோல் போலத் தோல் உள்ள சலாக் பழங்களை எடுத்து எல்லார் மடியிலும் போட்டார். "தின்னுங்க. கடல் என்ன கால் முளைச்சு ஓடிடப் போகுதா? பனிதான் போகும். உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். சாப்பிட்டார்கள். பனி போகவில்லை. இன்னும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தூரா இருந்தா இந்நேரம் நாலு பேர் வந்து, 'எந்திரிங்க, போட்டோ எடுக்கணும்'னு விரட்டியிருப்பாங்க," என்றார் சித்தப்பா. "இங்க யாரு விரட்டுறது? நான் தூங்கப் போறேன்." பையைத் தலைக்கு வைத்துப் படுத்தவர் உடனே குறட்டை விட்டார்.

முதலில் ஒரு காற்று வந்தது. பூத்தட்டிலிருந்த ஊதுபத்திப் புகை வளைந்தது. பிறகு வடக்கே பனியில் ஒரு கிழிசல் விழுந்தது. கிழிசலுக்குள் நீலம்.

"கடல்!" என்று ஆர்சா கத்தினான்.

கிழிசல் பெரிதானது. கிராம்புத் தோட்டங்கள், வெர்த்தி அத்தையின் ஊர்க் கூரைகள், அதற்கும் கீழே வெயிலில் மினுங்கும் வடக்குக் கடல். அதில் கடுகு போல மீன்பிடிப் படகுகள்.

"ஒண்ணு," என்றாள் ரஸ்மி. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள்.

தெற்கே பனி அவசரப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. காடு வந்தது. காப்பித் தோட்டம் வந்தது. படிப்படியாய் வயல்கள் வந்தன. அவள் ஊர்க் கோவில் கோபுரம் வந்தது. வயல்களுக்கும் அப்பால் புழுதிப் புள்ளியாய் டென்பசார். அதற்கும் அப்பால், வானத்தின் விளிம்பில், மெல்லிய வெள்ளிக் கம்பியாய்த் தெற்குக் கடல்.

வெர்த்தி அத்தைகூடப் பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சித்தப்பா எப்போது எழுந்தாரோ, செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். என்ன அழகு! எத்தனை பெரிய அழகு, யாரும் எட்டிப் பார்க்காமல் சும்மா கிடக்கிறது!

"எங்க ஊரு அவ்வளவுதானா?" என்றான் ஆர்சா. வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. வாய் திறந்தபடியே இருந்தது.

ரஸ்மி அவனைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் திறந்துதான் இருந்தது. "அண்ணா! மலைக்கு ஏன் இந்தப் பேர் வச்சாங்கன்னு தெரிஞ்சுபோச்சு!" என்றாள்.

ஆர்சாவுக்கும் புரிந்தது. போனைத் திறந்து நண்பர்களுக்கு ஒரே ஒரு சொல் அனுப்பினான்: 'பெங்கோங்'. அவர்களுக்கு அது புரிந்திருக்காது. பரவாயில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது கிளம்பினார்கள்.

"சரி, இங்கேருந்து கஜா எந்தப் பக்கம்?" என்றார் சித்தப்பா குறும்பாக.

பழக்கதோஷத்தில் ரஸ்மி வடக்கே கை நீட்டினாள். வெர்த்தி அத்தை தெற்கே கை நீட்டினார். எதிரெதிரே நின்ற இருவரின் விரல்களும் நடுவில் முட்டிக்கொண்டன.

ஆர்சா சிரித்துக்கொண்டே காலடியில் கிடந்த மண்ணைத் தட்டிக் காட்டினான். "இதுதான்!"

"பையன் தேறிட்டான்," என்ற வெர்த்தி அத்தை கூடையைத் தலைக்கு ஏற்றினார். "நான் கெலோட் பக்கம் போறேன்."

"நாங்களும் கெலோட் பக்கம்தான் அத்தை!" என்றாள் ரஸ்மி.

இருவரும் சொன்னது சரிதான். அத்தை வடக்கே இறங்கினார். இவர்கள் தெற்கே இருக்கும் தங்கள் ஊருக்கு, வந்த பாதையிலேயே திரும்பினார்கள். முன்னால் ஆர்சா நடந்தான். திசைகாட்டி பைக்குள்ளேயே இருந்தது.